கௌதாரிகள் நம்பிய வண்டி

டெக்லாவின் பிக்கப் வண்டிக்குப் பெயர் கடுகு. நிறம் அப்படி. ஒரு கதவு ஒரு செத்த வண்டியிலிருந்து வந்தது, இன்னொரு கதவு வேறொன்றிலிருந்து. கனடாவின் சஸ்கடூன் நகரத்தில் வடக்குக் கோடியில் உள்ள பழைய வண்டிகள் உடைக்கும் யார்டில் அவள் கவுண்டரில் நிற்கிறவள். அதனால் யாருடைய வண்டியாவது உயிர் விட்டால்தான் அவள் வண்டிக்கு ஓர் உறுப்பு கிடைக்கும். கோடை ஞாயிறு மாலைகளில் எட்டாம் தெருவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும்போது, சனம் நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்த்த கார்களுக்கு நடுவில் கடுகு தூசியோடு போகும். அதன் பானெட்டின் மேல் பெயிண்ட் முழுக்கக் கீறல். மெல்லிய, நெருக்கமான கீறல்கள்.

ஒரு டப்பா பெயிண்ட் வாங்க வக்கில்லையா என்று கார்க்காரர்கள் கேட்பார்கள். பூனை கீறிவிட்டது என்பாள். இவ்வளவு கீறலுக்கு எத்தனை பூனை வேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை. ஆம்பிளைகளுக்கு மெழுகுத் துணியைக் கையில் கொடுத்துவிட்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பது அவளுடைய கட்சி.

அவள் பண்ணையில் பிறந்தவள். தகப்பன் கோதுமைக்காரன், தாய் உக்ரைன் பாட்டுக்காரி, எட்டுப் பிள்ளைகளில் கடைசி. நகரத்துக்கு வந்து, பள்ளியில் கொதிகலன் பார்த்த வெண்டலைக் கட்டிக்கொண்டு, பிள்ளை இல்லாமலேயே வயதாகி, தலை நரைத்த பிறகும் பண்ணையின் ஒரு பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பது. மூச்சே உறைகிற குளிரில் யார் வண்டி எப்போது கிளம்பாமல் போகும், யாருக்குப் பிரசவ வலி வரும், யார் சொல்ல முடியும்? சாவி உள்ளே இருந்தால் பக்கத்து வீட்டான் எடுத்துக்கொண்டு ஓடுவான். அவர்கள் வீட்டுப் பின்சந்தில் பழைய ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து சாவியை ஒளிப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். புதிதாக வந்த இளசுகள் சிரிக்கும். ஒரு ஜனவரியில் பேட்டரி செத்துத் தெருவில் நின்றால் சிரிப்பு நின்றுவிடும்.

கீறல்களுக்கு வருகிறேன். ஊரைத் தாண்டித் தெற்கே போனால், ஏர் படாத மேய்ச்சல் நிலம் ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு மேட்டில் புல் கட்டையாக இருக்கும். வசந்தம் வந்ததும் விடிவதற்கு முன்னால் கூர்வால் கௌதாரிகள் அங்கே கூடும். சேவல்கள் இறக்கையை விரித்து, தலையைத் தாழ்த்தி, கழுத்தில் ஊதாப் பை புடைக்க, தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் காலைத் தட்டி ஆடும். திடீரென்று எல்லாம் ஒன்றாக நிற்கும். மறுபடி எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். யார் நிறுத்தச் சொன்னது, யார் தொடங்கச் சொன்னது என்று டெக்லா எத்தனையோ வருடம் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை.

அதைப் பார்க்க ஒரு முறை உண்டு. இருட்டிலேயே போய், விளக்கை அணைத்து, மேட்டின் ஓரம் வண்டியை நிறுத்த வேண்டும். பறவைகள் தாமாகக் கலைந்து போகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் திறக்கக் கூடாது. வண்டியை அவை கல்லைப்போல, புதரைப்போல எடுத்துக்கொள்ளும். மனுசக் கால் ஒன்று தரையில் பட்டால் போச்சு. டெக்லா இத்தனை வருடத்தில் ஒருநாளும் கதவைத் திறந்ததில்லை. கடுகு அந்த மேட்டில் முளைத்த ஒன்றாகிவிட்டது. எஞ்சின் சூட்டுக்காக ஒரு சேவல் பானெட்டில் ஏறிக் கண்ணாடிக்கு எதிரே, அவள் மூக்குக்கு எதிரே, நின்று ஆடும். அந்த நகங்களின் கீறல்தான் அது. அதன் மேல் பெயிண்ட் அடிக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

வெண்டலை இரண்டு தடவை கூட்டிப் போனாள். இரண்டு தடவையும் தூங்கிவிட்டான். அவனைத் தவிர அவள் அந்த இடத்தைக் காட்டியது ஒரே ஓர் ஆளுக்குத்தான். பக்கத்து வீட்டு டெல்மருக்கு.

டெல்மர் நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், டெக்லாவும் சொல்வாள். பனி கொட்டினால் தன் வாசல் பனியைத் தள்ளிவிட்டு அவர்கள் வாசல் பனியையும் தள்ளிக் கொடுப்பவன். அவளை இரும்புக்காரி என்று கூப்பிடுவான். எட்டாம் தெருவில் அவனுடைய வான நீலத் திறந்த கார்தான் ராஜா. வேலை வெட்டிக்கு ஒரு வெள்ளைப் பிக்கப் வைத்திருந்தான். அவன் மனைவி அர்லீன் புற்றுநோயில் செத்த வருடம், அந்த மனுசன் குளிர்காலம் முழுக்கத் திரையை விலக்கவில்லை. சாப்பாடு கொண்டுபோனால் பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. ஏப்ரலில் டெக்லா பொறுக்க மாட்டாமல் போய்க் கதவைத் தட்டி, கோட்டு போடு, எதுவும் கேட்காதே என்று சொல்லி அவனைக் கடுகில் ஏற்றினாள்.

அன்றைக்கு அந்தச் சேவல் பானெட்டில் ஏறியது. டெல்மர் டேஷ்போர்டில் கை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதான். டெக்லா வேறு பக்கம் பார்த்தாள். திரும்பும் வழியில்தான் அவன் வாயைத் திறந்தான்.

"இத நான் சாகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டெக்லா."

"சொன்னா நானே உன்னச் சாகடிப்பேன்" என்றாள் அவள். அர்லீன் போனதற்கப்புறம் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் வேட்டைக்கு எதிரி இல்லை. அவள் தகப்பன் இலையுதிர் காலத்தில் கௌதாரி சுட்டுத்தான் எட்டு வாய்க்கும் கறி போட்டான். அதில் இரண்டு விஷயம் அவனுக்கு வேதம். ஆடுகிற மேட்டில் சுடக் கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்து சுடக் கூடாது. இரண்டாவது அரசாங்கச் சட்டமும்கூட. நடந்து போ, அது பறக்கட்டும், உனக்கும் அதற்கும் சமமாக ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்பான். இலையுதிர் காலக் காலைகளிலும் சேவல்கள் தங்கள் இடத்தை விட்டுக் கொடுக்காமல் அந்த மேட்டுக்கு வந்து போகும். அது தெரிந்த வேட்டைக்காரன் அந்தப் பக்கம் துப்பாக்கியோடு போக மாட்டான். மனுசனாக இருந்தால் போக மாட்டான்.

ஒரு வருடம் செப்டம்பரில் டெக்லாவுக்கு முட்டியில் ஆப்பரேஷன். வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடுகு பின்சந்தில் சும்மா நின்றது, சாவி உள்ளே இருந்தது. டெல்மரின் வெள்ளை வண்டிக்கு கிளட்ச் போய்விட்டதாம். விறகு ஏற்றிவரக் கடுகை எடுத்துப் போகட்டுமா என்று வாசலில் நின்று கேட்டான். கேட்டதே அவளுக்குக் கோபம். கேட்க வேண்டிய அவசியம் என்ன, அதற்குத்தானே சாவி இருக்கிறது என்று திட்டி அனுப்பினாள். அவன் சில நாள் போய்வந்தான். விறகும் வந்தது, அவர்களுக்கும் ஒரு பங்கு அடுக்கிக் கொடுத்தான்.

அக்டோபரில் அறுவடை நன்றிநாள் விருந்துக்கு டெல்மர் ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கௌதாரிக் கறி, காளான் போட்டு, பாலாடை ஊற்றி, மேலே சோயிக்கீரை தூவியது. டெக்லா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றாள். என் அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்று வாயாரச் சொன்னாள். எங்கே சுட்டாய் என்று கேட்டதற்கு, வடக்கே சித்தப்பா மகன் நிலத்தில் என்றான். வெண்டல் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

குளிர்காலம் போயிற்று. ஏப்ரலில் முட்டி ஓரளவு மடங்கியதும் அவள் ஒரு விடிகாலையில் கடுகைக் கிளப்பினாள். குளிருக்கு ஹீட்டரைத் திருகியதும் காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு சின்ன இறகு பறந்து வந்து அவள் சட்டையில் ஒட்டியது. பழுப்பில் வெள்ளைப் புள்ளி. எலி எங்கிருந்தோ இழுத்து வந்து கூடு கட்டியிருக்கும் என்று நினைத்தாள். நல்ல மனசு அப்படித்தான் நினைக்கும்.

மேட்டின் ஓரம் நிறுத்தி விளக்கை அணைத்தாள். பறவைகள் வந்தன, தையல் மெஷின் சத்தம் கேட்டது. கொஞ்சம் வெளிச்சம் வந்து கடுகின் நிறம் தெரிந்ததும் சத்தம் நின்றது. அது வழக்கமாக நிற்கிற நிற்பல்ல. எல்லாத் தலையும் வண்டியைப் பார்த்தன. அப்புறம் மேடு மொத்தமும் கிளம்பிப் பறந்துவிட்டது.

பருந்து வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் போனாள், அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த தடவை தூரத்திலேயே நிறுத்திப் பார்த்தாள். மேட்டுக்கு வந்துகொண்டிருந்த பறவைகள் கடுகைக் கண்டதும் காற்றிலேயே திரும்பிப் போயின. அவள் வண்டியிலிருந்து இறங்கி, சீட்டை முன்னால் தள்ளி, கையை விட்டுத் துழாவினாள். தட்டுப்பட்டது ஒரு காலித் தோட்டா. மஞ்சள் நிறம். அவர்கள் சந்தில் எல்லோரும் பெரிய துப்பாக்கிக்காரர்கள், சிவப்புத் தோட்டாக்காரர்கள். மஞ்சள் தோட்டா போடுகிற சின்னத் துப்பாக்கி டெல்மரிடம் மட்டும்தான் உண்டு, அவன் அப்பனுடையது.

நேரே அவன் கராஜுக்குப் போனாள். அவன் நீலக் காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் தோட்டாவை அந்தப் பளபளப்பின் மேல் வைத்தாள். அவன் மறுப்பான், சண்டை போடலாம் என்று எதிர்பார்த்து வந்தவள் அவள். அவன் மறுக்கவில்லை, அதுதான் கொடுமை.

"விறகுக்குன்னுதான் போனேன்" என்றான். "வழியில சும்மா எட்டிப் பார்க்கலாம்னு. துப்பாக்கி சீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு. அதுங்களாவே கிட்ட வந்துச்சு டெக்லா. கதவக்கூடத் திறக்க வேண்டி வரல. கண்ணாடிய இறக்குனேன், அவ்வளவுதான்."

"பானெட்ல ஏறுனதையுமா?"

அவன் துணியை மடித்தான். "அதுதான் முதல்ல" என்றான்.

அர்லீன் செத்த வருடம் எதைப் பார்த்து அழுதானோ அதைச் சுட்டிருக்கிறான், அவள் துளிச் சந்தேகமும் இல்லாமல் நம்பிக் கொடுத்த வண்டியில் உட்கார்ந்து சுட்டிருக்கிறான், அதைச் சமைத்து அவள் மேசைக்கே கொண்டுவந்து அவளைக்கொண்டே ருசி பார்க்க வைத்திருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவன் கழுத்தை அறுத்ததுமில்லாமல் குழம்பும் வைத்துவிட்டான்.

"பறவைதானே" என்று அவன் ஆரம்பித்தான். "நீ என்னமோ நான் ஆளக் கொன்ன மாதிரி..."

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்து வெண்டலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வெண்டல் ஆச்சரியப்படவில்லை. காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி மேசையில் வைத்தான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"வண்டியக் கழுவுனது நான்தான்" என்றான் வெண்டல். "பின்னாடி ரத்தமும் இறகும் கெடந்துச்சு. நீ முட்டியக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்த. எப்படிச் சொல்றது?"

"நான் ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

பக்கத்து வீட்டுக்காரன், நாற்பது வருசப் பழக்கம், பனி தள்ளுகிறவன் என்று வெண்டல் எதையோ முணுமுணுத்தான். டெல்மர் செய்தது ஒரு அடி என்றால் இது அதே இடத்தில் விழுந்த இன்னொரு அடி. அன்றிலிருந்து அவள் வெண்டலோடு பேசினாள், சமைத்தாள், ஒரே கட்டிலில் படுத்தாள். ஆனால் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை அவனிடம் சொன்னதில்லை.

வனத்துறைக்குப் போன் போட்டுப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடித்தால் ஒழியப் போன வருடத்துச் சங்கதிக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு பெண் வருத்தத்தோடு சொன்னாள். நிலத்துக்காரனோ, மகள் வீட்டோடு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டவன், தன் நிலத்தில் யார் வருகிறார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது.

மே மாதத்தில் ஒருநாள் மனசு கேட்காமல், வெண்டலின் சாம்பல் நிறக் காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். பறவைகள் வந்தன. முன்பின் பார்த்திராத அந்தக் காரைச் சுற்றி எந்தப் பயமும் இல்லாமல் ஆடின. முதலில் அவள் சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். பிறகு உறைத்தது. அவை பயந்தது துப்பாக்கிக்கு அல்ல, டெல்மருக்கும் அல்ல, கடுகுக்கு. அந்தப் பறவைகளின் கணக்கில் துரோகி டெக்லாதான். செய்தவன் நாளைக்குத் தன் வெள்ளை வண்டியில் வந்தால் அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று ஆடும், மூடப் பிறவிகள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, எட்டாம் தெரு. அவள் கடுகை நிறுத்திவிட்டு ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பும்போது, டெல்மர் மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாலைந்து கார்க்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முதுகு அவள் பக்கம் இருந்தது. இந்த வருடம் புல்லில் நடந்து காலை ஒடித்துக்கொள்ள வேண்டாம், ஓர் இடம் இருக்கிறது, காபி குடித்துக்கொண்டே சுடலாம் என்றான். எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும், எந்த வேலிக் கேட்டுக்குப் பூட்டில்லை என்று கையை ஆட்டி வழி சொன்னான். அவளுக்குச் செய்த சத்தியத்தை ஒரு பாக்கெட் சிப்ஸுக்கு நடுவில் விற்றுவிட்டான். ஐஸ்கிரீம் உருகி அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவள் கடுகில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை நினைத்தபோதெல்லாம் அவள் அழுதாள். யார்டில் கவுண்டருக்குப் பின்னால் நின்று, ரேடியேட்டர் கேட்டு வந்தவன் முன்னாலேயே அழுதாள்.

வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், டெல்மர் மகளைப் பார்க்க ரெஜைனா நகரத்துக்கு நீலக் காரில் போயிருந்தான். விடியுமுன் டெக்லா பின்சந்துக்குப் போனாள். அவனுடைய வெள்ளைப் பிக்கப் நின்றது. சாவி உள்ளே இருந்தது. அவனுக்கு டெக்லா மேல் ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம், ஆனால் பின்சந்தில் சாவியை எடுக்கிறவன் இல்லையே அவன். ஏறிக் கிளப்பினாள்.

மேட்டில் விளக்கை அணைத்து உட்கார்ந்தாள். வெளுத்தது. சேவல்கள் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் நின்றன. போன வருடத்தைவிடக் குறைவாக இருந்தன. எஞ்சின் சூடு தெரிந்து ஓர் இளம் சேவல் பானெட்டில் தாவி ஏறியது. புது ஆள். வழுக்கி, நகத்தால் பிராண்டி, சமாளித்து நிமிர்ந்து நின்றது. தலையைச் சாய்த்துக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அது இறக்கையை விரித்துக் காலைத் தட்டத் தொடங்கியது.

அப்போது அவள் ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. பறவைகள் சிதறின. சில கொஞ்ச தூரம் போய்ப் புல்லில் இறங்கித் திரும்பிப் பார்த்தன. ஏதோ தவறு நடந்துவிட்டது, சரியாகிவிடும் என்பதுபோல நின்றன. டெக்லா கதவைத் திறந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை அந்த மேட்டில் காலை வைத்து, நொண்டிக்கொண்டே கைகளை வீசி ஓடினாள்.

"போங்க. எந்த வண்டியையும் நம்பாதீங்க. ஒருத்தரையும் நம்பாதீங்க. என்னையும்தான், போய்த் தொலைங்க."

கடைசிப் பறவையும் ஏரிப் பக்கம் மறையும்வரை ஓடினாள். பிறகு அந்தக் கட்டைப் புல்லில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையை வீட்டை விட்டு விரட்டியவளைப்போல அழுதாள். மறுநாள் வெண்டலின் காரை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாள் மறுபடி வெள்ளை வண்டியை எடுத்தாள். அந்த வாரக் கடைசியில் எந்த வண்டி வந்தாலும் சரி, வெளிச்சம் விழுவதற்குள் மேடு காலியாகிவிட்டது.

வேட்டை தொடங்கிய நாள் டெல்மரும் இரண்டு கார்க்காரர்களும் காபிக் குடுவையோடு போய், வெறுங்கையோடு வந்தார்கள். அன்று மாலை டெல்மர் பின்சந்தில் தன் வெள்ளை வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றான். டெக்லா குப்பை போட வந்தாள்.

"இரும்புக்காரி, நான் ஊர்ல இல்லாதப்போ என் வண்டிய எடுத்தியா?"

"எடுத்தேன். சாவி உள்ள இருந்துச்சு. விறகுக்குப் போனேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பானெட்டில் இருந்த மெல்லிய, நெருக்கமான கீறல்களைக் காட்டினான்.

"இது என்ன?"

"பூனையா இருக்கும்" என்றாள் டெக்லா.

கார்க்காரர்களில் அந்தப் பூனை எது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் முகம் வெளிறியதை அவள் நின்று பார்த்தாள். அதில் அவளுக்குக் கிடைத்த திருப்தி வீட்டுப் படி ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. மறு வசந்தத்தில் அவள் மேட்டுக்குப் போகவில்லை. பழக்க தோஷத்தில் ஏப்ரல் முழுக்க விடியுமுன் விழிப்பு வந்தது. எழுந்துபோய்க் கடுகில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெயில் வரும்வரை பின்சந்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.